சாஸில் செலக்டர்களைச் செயற்கூறுகளால் மாற்றுவது: வெட்டி ஒட்டாமல் ஒரு வழி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் பாணி மொழியான சாஸில், பல இடங்களில் அழைத்துப் பயன்படுத்தக்கூடிய விதித்தொகுப்பான ஒரு மிக்ஸின் எழுதியிருக்கிறீர்கள். `.அட்டை .தலைப்பு` போன்ற ஒரு விதிக்குள் அதை அழைத்தால், முன்பகுதியில் உள்ள `.அட்டை` மட்டும் `.அட்டை--இருள்` என்று மாறி, `.அட்டை--இருள் .தலைப்பு` என்ற தனி விதி உருவாக வேண்டும். இதற்காக, சூழ்ந்துள்ள விதியின் செலக்டரைக் குறிக்கும் & குறியின் மதிப்பைச் சரமாக எடுத்து, இடம் தேடி வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். ஒரே செலக்டர் (விதி எந்த உறுப்புகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதி) உள்ள இடங்களில் அது சரியாக வருகிறது. காற்புள்ளியிட்டு இரண்டு மூன்று செலக்டர்கள் வந்தால் குலைந்துவிடுகிறது. இந்த மிக்ஸினை, திரையளவு போன்ற நிபந்தனையிடும் @மீடியா தொகுதிக்குள் அழைத்தால் உருவாகும் விதி அந்தத் தொகுதியை விட்டு வெளியேறிவிடுமோ என்ற ஐயமும் உங்களுக்கு இருக்கிறது.

நேரடி விடை இதுதான்: சாஸின் செலக்டர் மாட்யூலில் உள்ள ரிப்ளேஸ் என்ற செயற்கூற்றிடம் &, `.அட்டை`, `.அட்டை--இருள்` ஆகிய மூன்றையும் கொடுத்து, அது திருப்பித் தருவதை, சூழ்ந்துள்ள விதிகளை விட்டு வெளியே எழுதும் @அட்-ரூட் விதிக்குள் இன்டர்போலேஷன் (மதிப்பை உரைக்குள் செருகுதல்) மூலம் வைக்க வேண்டும். ஆனால் காற்புள்ளி வரும் இடங்களில் இதை இப்படியே பயன்படுத்தினாலும் வேறொரு பிழை வரும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் & குறிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எடுத்துக்காட்டுகளில் கிளாஸ் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். சிஎஸ்எஸ் அடையாளப் பெயர்களில் தமிழ் எழுத்துகள் முழுமையாக அனுமதிக்கப்பட்டவை என்பதால் அவை அப்படியே இயங்கும். வெளியீட்டில் ஆஸ்கி அல்லாத எழுத்து இருப்பதைக் கண்டால் சாஸ் தானாகவே கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரியைச் சேர்த்துவிடும். சுருக்கப்பட்ட வெளியீடாக இருந்தால் அதற்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட் ஆர்டர் குறியை இடும்.

பழைய ரூபி சாஸில், 2014-இன் தொடக்கத்தில் வந்த 3.3 பதிப்பு வரை, & குறியைச் செலக்டர் எழுதும் இடத்தில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. அந்தப் பதிப்பில் `&__தலைப்பு` என்று பின்னொட்டுச் சேர்க்கும் வசதியும் @அட்-ரூட் விதியும் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான 3.4 பதிப்பில்தான் &, ஒரு மாறியைப் போல வெளிப்பாடுகளுக்குள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மதிப்பானது; செலக்டர்களைக் கையாளும் செயற்கூறுகளும் அந்தப் பதிப்பிலேயே சேர்ந்து வந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததற்குக் காரணம் உண்டு. மதிப்பாகக் கிடைக்கும் ஒன்றைப் பாதுகாப்பாகக் கையாளும் கருவிகள் இல்லாவிட்டால், எல்லோரும் அதைச் சரமாக்கித்தான் வேலை செய்வார்கள்.

அந்த மதிப்பு சரம் அன்று. அது பட்டியல்களின் பட்டியல். வெளிப்பட்டியல் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டது. அதன் ஒவ்வோர் உறுப்பும் இடைவெளியால் பிரிக்கப்பட்ட ஓர் உட்பட்டியல். `.பக்கம் .அட்டை, .ஓரம் .அட்டை` என்ற விதிக்குள் & மதிப்பின் நீளத்தைக் கேட்டால் 2 என்று வரும்; அந்த இரண்டில் ஒவ்வொன்றின் நீளமும் 2. `.பட்டியல் > .உருப்படி` என்று இருந்தால் உட்பட்டியலின் நீளம் 3, ஏனெனில் `>` குறியும் ஓர் உறுப்பாகவே எண்ணப்படும். `.அட்டை.செயலில்` என்று ஒட்டி எழுதப்பட்ட கூட்டுச் செலக்டரோ ஒரே உறுப்பு. அதற்குள் இருக்கும் இரண்டு கிளாஸ்களையும் தனித்தனியாகப் பெற சிம்பிள்-செலக்டர்ஸ் என்ற செயற்கூறு தேவை. அது இடைவெளியோ காற்புள்ளியோ உள்ள செலக்டரை ஏற்காது. ஒரு கூட்டுச் செலக்டரை மட்டுமே ஏற்கும். எந்த விதிக்கும் உள்ளே இல்லாமல் கோப்பின் மேல்மட்டத்தில் மிக்ஸின் அழைக்கப்பட்டால் & நல் (மதிப்பு ஏதும் இல்லை) என்று இருக்கும். பலர் பயன்படுத்தப்போகும் மிக்ஸினில் இதைத் தொடக்கத்திலேயே @இஃப் வைத்துச் சோதித்து, தெளிவான @எரர் செய்தி தருவது நல்லது.

இப்போது சரமாக்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். `.அட்டை, .பலகை` என்ற விதிக்குள் @அட்-ரூட் இட்டு, & மதிப்பை இன்டர்போலேஷன் செய்து, அதன் வாலில் `__தலைப்பு` என்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் முழுவதும் முதலில் ஒரே சரமாகிறது. வால் அந்தச் சரத்தின் கடைசியில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. கிடைப்பது:

`.அட்டை, .பலகை__தலைப்பு`

முதல் செலக்டரில் தலைப்பே இல்லை. தலைப்புக்கு எழுதிய எழுத்தளவும் நிறமும் அட்டை முழுவதற்கும் போய்விடும். கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனெனில் வெளியீடு இலக்கணப்படி சரியான சிஎஸ்எஸ். @அட்-ரூட் இடாமல் இதையே எழுதினால் நிலைமை இன்னும் மோசம். இன்டர்போலேஷனுக்குள் & பயன்பட்டது என்பது சாஸுக்குத் தெரியாது; ஆகவே வழக்கம்போலப் பெற்றோர் செலக்டரை இன்னொரு முறை முன்னால் சேர்க்கும். இரண்டு செலக்டர்கள் நான்காகும். அவற்றில் ஒன்றுகூட நீங்கள் நினைத்தது அல்ல.

அப்பெண்ட் என்ற செயற்கூறு இந்த இடத்துக்காகவே உள்ளது. அதனிடம் & மதிப்பையும் `__தலைப்பு` என்பதையும் கொடுத்தால், பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாக வாலைச் சேர்த்து `.அட்டை__தலைப்பு, .பலகை__தலைப்பு` என்று தரும். இரண்டாவதாகக் கொடுப்பதிலும் காற்புள்ளி இருக்கலாம். அப்போது எல்லாச் சேர்க்கைகளும் கிடைக்கும். நெஸ்ட் என்பது அதன் உடன்பிறப்பு. இடைவெளி விட்டுச் சேர்க்கும். அதன் இரண்டாவது அளபுருவில் & குறியையும் எழுதலாம் என்பதால், நெஸ்டிங் செய்து கையால் எழுதும் எதையும் அதைக் கொண்டு கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்ள முடியும்.

அப்பெண்ட் வெறுமனே ஒட்டும் வேலையைத்தான் செய்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. & மதிப்பு `.படிவம் .புலம்` என்று இருக்கும்போது இன்புட் என்ற எச்டிஎம்எல் உறுப்பின் பெயரை அதனுடன் அப்பெண்ட் செய்தால், அந்தப் பெயர் கிளாஸ் பெயரின் வாலாக ஒட்டி `.புலம்இன்புட்` என்பது போன்ற, பக்கத்தில் எங்குமே இல்லாத ஒரு கிளாஸ் உருவாகும். பிழைச் செய்தி வராது; பாணி மட்டும் படியாது. உறுப்பின் நிலையைக் குறிக்கும் சூடோ கிளாஸிலும் இதே ஆபத்து உண்டு: & மதிப்பு `.அட்டை:ஹோவர்` என்று முடிந்தால் `__தலைப்பு` என்ற வால் ஹோவருக்குப் பின்னால் ஒட்டி, எந்த பிரௌசருக்கும் பொருள்படாத ஒன்றாகிவிடும். ஆட்ரிபியூட் செலக்டரிலோ அடைப்புக்குள் மதிப்பு ஏற்கும் சூடோ கிளாஸிலோ முடிந்தால்தான் பின்னொட்டுச் சேர்க்க முடியாது என்று கம்பைலர் நின்றுவிடும். அப்படி நின்றுவிடுவதே நமக்கு நல்லது.

உறுப்பின் பெயரைச் சேர்க்க வேண்டிய இடத்துக்கு உரியது யூனிஃபை. இரண்டு செலக்டர்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் உறுப்புகளை மட்டும் பிடிக்கும் ஒரு செலக்டரை அது கட்டித் தருகிறது. உறுப்பின் பெயர் முன்னாலும் கிளாஸ் அதற்குப் பின்னாலும் சூடோ கிளாஸ் அதற்கும் பின்னாலும் வர வேண்டும் என்ற ஒழுங்கு அதற்குத் தெரியும், ஆகவே `.அட்டை:ஹோவர்` என்பதோடு `.செயலில்` என்பதை யூனிஃபை செய்தால் கிடைப்பது `.அட்டை.செயலில்:ஹோவர்`. ஒன்றுசேரவே முடியாதவற்றைக் கொடுத்தால், எடுத்துக்காட்டாக இரண்டு வெவ்வேறு ஐடிகளைக் கொடுத்தால், நல் திரும்பும். இன்டர்போலேஷனில் நல் என்பது வெற்றுச் சரமாகிவிடும் என்பதால், திரும்பி வந்ததை @இஃப் வைத்துப் பார்த்த பிறகே செலக்டராகப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு, ரிப்ளேஸுக்கு, வருகிறேன். சரத்தில் தேடி மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ப் பெயர்கள் மிக நன்றாகக் காட்டுகின்றன. & மதிப்பு `.அட்டைகள் .அட்டை` என்று இருக்கட்டும். சரமாக எடுத்து `.அட்டை` என்பதைத் தேடினால் முதலில் அகப்படுவது `.அட்டைகள்` என்பதன் முன்பகுதி. எல்லா இடத்திலும் `.பலகை` என்று மாற்றினால் `.பலகைகள் .பலகை` என்று வரும். முதல் இடத்தில் மட்டும் மாற்றினால் `.பலகைகள் .அட்டை` என்று வரும். இரண்டுமே தவறு. ரிப்ளேஸ் எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. செலக்டரைப் பகுத்து, முழு கிளாஸோடு முழு கிளாஸை ஒப்பிடுகிறது. அதனால் கிடைப்பது:

`.அட்டைகள் .பலகை`

கூட்டுச் செலக்டருக்குள்ளும் அது சரியாக நடந்துகொள்கிறது. `.அட்டை.செயலில் .தலைப்பு` என்று இருந்தாலும் `.அட்டை` மட்டும் மாறி, `.செயலில்` அப்படியே நிற்கும். ஒட்டியிருக்கும் கிளாஸ்களின் வரிசை வெளியீட்டில் முன்பின்னாகத் தெரியலாம். பிடிக்கப்படும் உறுப்புகளில் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

இனி, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட பிழை. தேடிய கிளாஸ் ஒரு செலக்டரில் இல்லையென்றால் ரிப்ளேஸ் அதை மாற்றாமல் அப்படியே திருப்பித் தருகிறது. & மதிப்பு `.அட்டை .தலைப்பு, .பலகை .தலைப்பு` என்று இருந்தால் கிடைப்பது:

`.அட்டை--இருள் .தலைப்பு, .பலகை .தலைப்பு`

இருண்ட அட்டைக்கென்று எழுதிய வெள்ளை எழுத்து, சாதாரணப் பலகையின் தலைப்புக்கும் போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து; தலைப்பே மறைந்துபோகும். ரிப்ளேஸைப் பரிந்துரைப்பவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. ஒரு லைப்ரரிக்குள் வைக்கும் மிக்ஸினாக இருந்தால் இதைக் கவனிக்காமல் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தீர்வு, பட்டியலை ஒட்டுமொத்தமாகக் கொடுக்காமல் உறுப்பு உறுப்பாகக் கொடுப்பது. ஒரு மாறியில் வெற்றுப் பட்டியலை வைத்துக்கொண்டு, & மதிப்பின் மேல் @ஈச் சுழலை ஓட்டுங்கள். ஒவ்வோர் உறுப்பையும் பார்ஸ் என்ற செயற்கூற்றில் இட்டு முந்தைய வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே ரிப்ளேஸில் இட்டுப் புதிய வடிவத்தைப் பெறுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அந்த உறுப்பில் நீங்கள் தேடிய கிளாஸ் இல்லை என்று பொருள்; அதை விட்டுவிடுங்கள். சமமில்லை என்றால் புதிய வடிவத்தைக் காற்புள்ளிப் பிரிப்போடு மாறியில் ஜாயின் செய்யுங்கள். இடையில் பார்ஸ் எதற்கு என்று தோன்றலாம். சுழல் தருவது இடைவெளியால் பிரிந்த ஓர் உட்பட்டியல். ரிப்ளேஸ் தருவதோ, உறுப்பு ஒன்றே ஆனாலும், காற்புள்ளிப் பட்டியலுக்குள் வைக்கப்பட்ட உட்பட்டியல். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தாலும் சமமில்லை என்றுதான் சாஸ் சொல்லும். ஒரு செலக்டர்கூட வடிகட்டப்படாது. பார்ஸ் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. சேர்க்கும்போதும் லிஸ்ட் மாட்யூலின் அப்பெண்டை விட ஜாயினே பொருத்தம், ஏனெனில் திரும்பி வருவது ஏற்கெனவே ஒரு பட்டியல். சுழல் முடிந்ததும் மாறியின் நீளம் பூச்சியமா என்று பார்த்து, இல்லை என்றால் மட்டும் @அட்-ரூட் விதியை எழுதி உள்ளே, மிக்ஸினை அழைப்பவர் தரும் பாணிகளைக் கொண்டுவரும் @கன்டென்ட் வையுங்கள். வெற்றுப் பட்டியலை இன்டர்போலேஷன் செய்தால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பார்த்து மூலக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

உங்கள் எச்டிஎம்எல்லில் இரண்டு கிளாஸ்களும் ஒன்றாக எழுதப்படுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றால், மாற்றாக `.அட்டை.அட்டை--இருள்` என்பதையே கொடுக்கலாம். அப்போது ஸ்பெசிஃபிசிட்டி (எந்த விதி வெல்லும் என்பதைத் தீர்மானிக்கும் எடை) ஒரு கிளாஸ் அளவு கூடி, கோப்பில் எந்த வரிசையில் வந்தாலும் இருண்ட விதியே வெல்லும். தனியாக `.அட்டை--இருள்` என்று கொடுத்தால் ஸ்பெசிஃபிசிட்டி மூல விதிக்குச் சமம். பின்னால் வருவது வெல்லும். எனக்கு இரண்டாவது முறையே பிடித்தமானது, ஏனெனில் பின்னர் ஒருவர் அதை மேலெழுத வேண்டியிருந்தால் கூடுதல் கிளாஸ் இட்டுப் போராட வேண்டியதில்லை. ஆனால் மூல விதியும் மாற்று விதியும் வெவ்வேறு கோப்புகளிலிருந்து வந்து சேரும் திட்டங்களில் வரிசையை நம்ப முடியாது; அங்கே முதல் முறையைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

மாற்றாக வைப்பதில் இடைவெளி இருந்தால், அதாவது அது தனக்கென ஒரு மூதாதை உறுப்பையும் கொண்டு வந்தால், விடை பெருகும். `.வழிகாட்டி .செய்தி` என்பதில் `.செய்தி` இருந்த இடத்தில் `.உள்ளடக்கம் .ஓரம்` என்று வைத்தால், `.வழிகாட்டி` வெளியே, `.உள்ளடக்கம்` உள்ளே என்றொரு செலக்டரும், அதற்கு நேர்மாறான வரிசையில் இன்னொரு செலக்டரும் கிடைக்கும். பக்கத்தில் எது எதற்குள் இருக்கிறது என்பது சாஸுக்குத் தெரியாது என்பதால் இரண்டு வாய்ப்புகளையும் எழுதிவிடுகிறது. நீண்ட செலக்டர்களில் இது கோப்பின் அளவை வேகமாக ஏற்றும். இயன்றவரை ஒற்றை கிளாஸையோ கூட்டுச் செலக்டரையோ மட்டும் மாற்றாகக் கொடுங்கள்.

எக்ஸ்டெண்ட் என்ற செயற்கூறும் இதே முறையில்தான் இயங்குகிறது. பழையதை நீக்காமல் பழையதையும் புதியதையும் சேர்த்துத் தருவதே வேறுபாடு. @எக்ஸ்டெண்ட் என்ற விதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விதி, ஸ்டைல்ஷீட் முழுவதையும் தேடிப் பொருந்தும் இடமெல்லாம் செலக்டரைச் சேர்க்கும். @மீடியாவுக்குள் இருந்துகொண்டு வெளியே உள்ள செலக்டரை நீட்டிக்க அதனால் முடியாது. செயற்கூறோ கொடுத்த மதிப்பை வைத்துக் கணக்கிட்டு வேறொரு மதிப்பைத் தருவதோடு நின்றுவிடும். அதனால்தான் @மீடியாவுக்குள் விதி பயன்படாத இடங்களில் செயற்கூறு பயன்படுகிறது. ஆனால் கோப்பில் வேறெங்கோ எழுதப்பட்ட @எக்ஸ்டெண்டால் சேரப்போகும் செலக்டர்கள் & மதிப்பில் தென்படமாட்டா என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இஸ்-சூப்பர்செலக்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டாவது செலக்டர் பிடிக்கும் அனைத்தையும் முதலாவது செலக்டரும் பிடிக்குமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று விடை தரும். `.தலைப்பு` என்பது `.அட்டை .தலைப்பு` என்பதற்கு மேலானது, மறுதலை உண்மையன்று. மிக்ஸினின் வாசலில் நின்று, தகாத இடத்திலிருந்து வரும் அழைப்பைத் திருப்பி அனுப்ப இது உதவும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எளிய தேவைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். இருண்ட தோற்றத்துக்கான கிளாஸ் பக்கத்தின் வேரில் இருக்குமானால் `.இருள் &` என்று எழுதினாலே முடிந்தது; சாஸ் ஒவ்வொரு செலக்டருக்கும் முன்னால் அதைச் சரியாகச் சேர்க்கும். வால் சேர்ப்பதற்கு `&__தலைப்பு` போதும். செலக்டரின் நடுவில் கை வைக்க வேண்டியிருக்கும்போதும், வந்து சேரும் & எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டி அறிய முடியாத மிக்ஸினை எழுதும்போதும்தான் இந்தச் செயற்கூறுகளுக்கு வேலை வருகிறது. 2023 முதல் பிரௌசர்களிலேயே நெஸ்டிங் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அங்குள்ள & எழுத்துகளைச் சேர்ப்பதில்லை; `:இஸ்` என்ற சூடோ கிளாஸைப் போல நடந்துகொள்கிறது. அதனால் அங்கே `&__தலைப்பு` என்பது இயங்காது, நடுவில் உள்ள கிளாஸை மாற்றுவதற்கும் வழியில்லை. காற்புள்ளிப் பட்டியலில் உள்ள மிக உயர்ந்த ஸ்பெசிஃபிசிட்டியே அங்கே எல்லாவற்றுக்கும் கணக்கிடப்படும் என்பது இன்னொரு வேறுபாடு.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கட்டுரைகளில் இச்செயற்கூறுகள் செலக்டர்-அப்பெண்ட், செலக்டர்-ரிப்ளேஸ் என்று இணைப்புக்கோடிட்ட பொதுப் பெயர்களாக இருக்கும். 2019 அக்டோபரில், சாஸின் இன்றைய முதன்மைச் செயலாக்கமான டார்ட் சாஸின் 1.23 பதிப்பு மாட்யூல் முறையைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வந்த 1.80 பதிப்பு முதல் அந்தப் பொதுப் பெயர்களுக்கும் @இம்போர்ட் விதிக்கும் கைவிடல் எச்சரிக்கை வருகிறது, டார்ட் சாஸ் 3.0 பதிப்பில் அவை நீக்கப்படும். புதிதாக எழுதும்போது செலக்டர் மாட்யூலை @யூஸ் மூலம் கோப்பின் தலையில் சேர்த்து, புள்ளியிட்டு அழைப்பதே சரி. லிஸ்ட் மாட்யூலிலும் அப்பெண்ட் என்றே ஒன்று இருப்பதால், எந்த அப்பெண்ட் என்பது புள்ளிக்கு முன்னால் உள்ள பெயரிலேயே தெரிந்துவிடும். எழுதும்போது சந்தேகம் வந்தால் மெட்டா மாட்யூலின் இன்ஸ்பெக்ட் செயற்கூற்றில் & மதிப்பை இட்டு @டீபக் செய்து பாருங்கள்; அடைப்புகள், காற்புள்ளிகள் உட்படப் பட்டியலின் முழு அமைப்பும் அப்படியே தெரியும்.

இறுதியாக @மீடியா பற்றிய உங்கள் ஐயம். @அட்-ரூட் இயல்பாக ஸ்டைல் விதிகளை விட்டு மட்டுமே வெளியேறும். @மீடியா, @சப்போர்ட்ஸ் போன்ற தொகுதிகளை விட்டு வெளியேறாது. ஆகவே உங்கள் மிக்ஸின் ஒரு @மீடியா தொகுதிக்குள் அழைக்கப்பட்டால், `.அட்டை--இருள் .தலைப்பு` என்ற விதி அந்தத் தொகுதிக்குள்ளேயே எழுதப்படும். மீடியாவையும் விட்டு வெளியே வர வேண்டிய தேவை இருந்தால்தான், எவற்றை விட்டு வெளியேற வேண்டும் என்பதை @அட்-ரூட் விதிக்குப் பின்னால் அடைப்புக்குள் நீங்களே குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிடும்போது செலக்டரை அதே வரியில் எழுத முடியாது. @அட்-ரூட் தொகுதிக்குள் தனி விதியாக எழுத வேண்டும். ரூல் என்ற சொல்லையும் அந்த அடைப்பில் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீடியாவை விட்டு வெளியேறினாலும் பெற்றோர் செலக்டர் முன்னால் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.